கல்யாணப் போட்டோவின் வரலாறு: யாரைக் கேட்டு எடுத்தார்கள்?

எங்கள் மாலைநேர வகுப்பில் படித்த தங்கை ஒருவர் விஸ்காம் முடித்துவிட்டு, கல்யாணப் போட்டோ எடுக்கும் தொழிலைத் தொடங்கினார். செகண்ட் ஹேண்ட் கேமரா, ஒரு லென்ஸ், ஒரு ஃப்ளாஷ். இவ்வளவுதான் முதலீடு. முதல் வருடம் வந்த ஆர்டர்கள் எல்லாம் நம் குடியிருப்புக் கல்யாணங்கள். இரண்டாம் வருடம் ஊர்த்தெருவிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. பெண் வீட்டார் அட்வான்ஸ் கொடுத்தார்கள். மூன்றாம் நாள், தங்கை எந்தத் தெரு என்று விசாரித்தார்கள். அதன்பிறகு, "நீ மண்டபத்துல எடும்மா, பொண்ணு ரூமுக்கு வேற ஆள் வருவாங்க" என்றார்கள். தங்கை அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து எங்களிடம் கேட்டார்: "போட்டோ எடுக்கறதுலகூடவாக்கா?"

ஆமாம், அதிலும்தான். இது நேற்று முளைத்த வழக்கம் இல்லை. கேமரா இந்த நாட்டுக்கு வந்த காலத்திலிருந்தே, யார் யாரைப் படம் எடுக்கலாம், எடுக்கும் முன் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதைச் சாதியும் அதிகாரமும்தான் முடிவு செய்திருக்கின்றன.

1839இல் ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்ட புகைப்படக் கலை, சில ஆண்டுகளிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. 1856இல் சென்னையில் புகைப்படச் சங்கமே இருந்தது. ஆனால், நம் மக்களிடம் கேமரா முதலில் வந்தது கல்யாணத்துக்காக அல்ல, கணக்கெடுப்புக்காக. 1857 எழுச்சிக்குப் பிறகு, தான் ஆளும் மக்களை வகைப்படுத்திப் பார்க்க ஆங்கில அரசு விரும்பியது. 1868 முதல் 1875 வரை 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்ற நூல் எட்டுத் தொகுதிகளாக, நானூறுக்கும் மேற்பட்ட படங்களோடு வந்தது. பெரும்பாலான படங்களின் கீழே இருப்பது சாதி அல்லது இனத்தின் பெயர்தான். நிற்பவரின் சொந்தப் பெயர் இல்லை.

தெற்கில் இதே வேலையைச் செய்தவர் எட்கர் தர்ஸ்டன். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த அவர், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். தலையை அளந்தார், மூக்கை அளந்தார், படமும் எடுத்தார். அந்தப் பக்கங்களில் நம் பாட்டிகளைப் போன்ற பெண்கள் கேமராவைப் பார்த்தபடி நிற்கிறார்கள். "உங்களை எப்படி எடுக்கட்டும்?" என்று அவர்களை யாராவது கேட்டிருப்பார்களா?

அதே காலத்தில் வேறு சில பெண்களை மிகக் கவனமாகக் கேட்டுத்தான் எடுத்தார்கள். ஹைதராபாத் நிஜாமின் அரசவைப் புகைப்படக்காரர் ராஜா தீன்தயாள், 1892இல் அந்த நகரத்தில் 'ஜெனானா' ஸ்டூடியோ ஒன்றைத் திறந்தார். கோஷாப் பெண்களுக்கு மட்டுமேயான ஸ்டூடியோ அது. அதை நடத்தியவர் திருமதி கென்னி-லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண். அந்நிய ஆணின் பார்வை படக்கூடாது என்பதற்காக ஒரு தனி ஏற்பாடே நடந்தது. அங்கே வந்தவர்கள் பிரபுக் குடும்பத்துப் பெண்கள்.

கல்கத்தாவில் அன்னபூர்ணா தத்தா என்ற பெண் இதையே பிழைப்பாக்கினார். 1894இல் பிறந்தவர். வீடு வீடாகப் போய், வெளியே வராத பெண்களைப் படம் எடுத்துச் சம்பாதித்தார். கேமரா பல ஆண்களிடம் இருந்தது. ஆனால், பெண்கள் இருக்கும் உள்ளறை வரை போக அவரைப் போன்ற ஒரு பெண்ணால்தான் முடிந்தது. இன்று மணப்பெண் அறைக்குள் நுழையும் பெண் புகைப்படக்காரர்களுக்கெல்லாம் அவர் முன்னோடி. ஆனால், அந்த உள்ளறைக்குப் போகப் பெண்ணாக இருந்தால் மட்டும் போதாது என்பதைத்தான் நம் தங்கை தெரிந்துகொண்டார்.

தமிழ்நாட்டில் இருபதாம் நூற்றாண்டில் சிறு நகரங்களுக்கும் ஸ்டூடியோக்கள் வந்தன. வரைந்த திரை, ஒரு நாற்காலி, பூச்சாடி வைத்த மேசை. கல்யாணம் முடிந்ததும் மணமக்கள் அங்கே போய் ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். இப்படிப்பட்ட பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகமும் சேர்ந்து தேடி, மின்வடிவில் பாதுகாத்திருக்கின்றன. மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய தொகுப்பு அது.

கையில் காசு இருந்தால் அந்த நாற்காலியில் யாரும் உட்காரலாம். ஊரில் நாற்காலியில் உட்கார அனுமதி இல்லாத நம் தாத்தா, ஸ்டூடியோவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதை நாங்கள் பல வீட்டுச் சுவர்களில் பார்த்திருக்கிறோம். அருகில் பாட்டி, தோளில் கை வைத்தபடி நிற்கிறார். தர்ஸ்டனின் படத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். இங்கே காசு கொடுத்தவர்கள் நம்மவர்கள். எப்படி உட்காருவது, என்ன உடுத்துவது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள்.

அந்தப் படம் சுவரில் மாட்ட மட்டும் பயன்படவில்லை. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் புரோகிதர் இல்லாமல் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. ஆனால், இத்தகைய திருமணங்கள் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அண்ணா ஆட்சியில், 1967இல்தான் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டு அவை செல்லுபடியாயின. புரோகிதரும் இல்லை, பதிவும் இல்லை என்றால் கல்யாணத்துக்குச் சாட்சி என்ன? எங்கள் களப்பணியில், விதவை உதவித்தொகை கேட்டு வரும் அம்மாக்கள் முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் காட்டுவது மடங்கிப்போன ஒரு கல்யாணப் படத்தைத்தான்.

சாதி மட்டுமல்ல, தொழில்நுட்பமும் நமக்கு எதிராக நின்றிருக்கிறது. கலர் பிரிண்ட் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைப் பெண். 'ஷெர்லி கார்டு' என்று அதற்குப் பெயர். அவர் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கறுப்புத் தோலின் நுட்பம் அந்தக் கணக்கில் இல்லை. கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்த பிறகும், "பொண்ணு கலரைக் கொஞ்சம் தூக்கி விடுங்கண்ணே" என்ற குரல் போகவில்லை. ஆல்பம் வந்ததும், "இது நான்தானா?" என்று கேட்கும் மணப்பெண்களை நமக்குத் தெரியும்.

இங்கேதான் நம் தங்கையின் தொழில் முக்கியமாகிறது. அவர் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். ஆர்டர் எடுத்ததும், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு மணப்பெண்ணிடம் போய் அரை மணி நேரம் பேசுகிறார். படத்தில் யார் யார் இருக்க வேண்டும், எதை எடுக்கக் கூடாது, நிறத்தை மாற்ற வேண்டுமா என்று அவரிடமே கேட்கிறார். இதுவரை ஒரு பெண்கூட "மாற்றுங்கள்" என்று சொன்னதில்லையாம். மாற்றச் சொல்பவர்கள் எல்லாம் அத்தைகளும் மாமாக்களும்தான். ஒரு மணப்பெண் மட்டும், வயல் வேலைக்குப் போகும் தன் அம்மாவின் கைகளைத் தனியாக ஒரு படம் எடுக்கச் சொன்னாராம்.

பேச்சு வழியாகவே அடுத்தடுத்த ஆர்டர்கள் வருகின்றன. ஊர்த்தெரு இன்னும் திறக்கவில்லை. அது திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தோழர்கள் தாட்கோ கடனையும், 35 சதவீத மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தையும் விசாரியுங்கள். வட்டிக்காரரிடம் கேமரா வாங்கக் கடன்படாதீர்கள்.

தோழர்களுக்கு ஒரு வேலையும் இருக்கிறது. இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டியின் கல்யாணப் படத்தைத் தேடுங்கள். கிடைத்தால் பெரியவர்களிடம் கேட்டு, படத்தில் இருப்பவர்களின் பெயர், ஊர், வருடம் ஆகியவற்றைப் பின்னால் பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும். படமே இல்லை என்றால், ஏன் எடுக்கவில்லை என்று கேட்டு, அந்தப் பதிலை எழுதி வையுங்கள். அதுவும் நம் வரலாறுதான்.