கிராண்டு வரல

2024 கடைசியில் ஒருநாள் கொல்லிமலைக்குப் போயிருந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவும் வயிற்றைப் புரட்டி எடுக்க, சோளக்காட்டில் இறங்கிச் சந்தைப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். தெரிந்த தம்பி ஒருவர் வந்தார். அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர், மலையாளிப் பழங்குடி. சம்பளம் வந்துவிட்டதா என்று கேட்டேன்.

"தள்ளிப்போச்சுங்க்கா. மேலருந்து கிராண்டு வரலையாம்."

நாங்கள் இருந்ததே மலைக்கு மேலேதான். அவர் சொன்ன 'மேல' டில்லி.

சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒன்றிய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய ஒன்றியப் பங்கு 2,152 கோடி ரூபாய். பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை, அதன் வழியாக 2020 தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்று அந்தப் பணத்தை நிறுத்தினார்கள். அந்த நிறுத்தம்தான் எழுபது வளைவு ஏறி வந்து இந்தத் தம்பியின் டீ கிளாசுக்குள் விழுந்திருக்கிறது.

கிராண்டு என்ற சொல்லை நான் முதலில் கேட்டது என் அம்மாயி வாயிலிருந்து. மலையடிவாரத்துச் சேரி எங்களுடையது. அம்மாயி மூணாங்கிளாஸ் வரை ஒரு எய்டட் பள்ளிக்குப் போனவள். அவள் சொல்வாள்: "இன்ஸ்பெட்டரு வர்ற அன்னிக்கு வாத்தியாரு தெருவுக்கே வந்து எங்களக் கூட்டிக்கிட்டுப் போவாரு புள்ள. அன்னிக்கு மட்டும் உள்ள பலகையில ஒக்கார வெப்பாங்க. மக்கா நாளு மறுபடியும் திண்ணைதான். நாங்க இருந்தாத்தான் அவுங்களுக்குக் கிராண்டாம்."

எங்கள் தலையை எண்ணிப் பணம் வாங்கினார்கள். அந்தப் பணத்தில் வாங்கிய பலகையில் எங்களுக்கு வருஷத்துக்கு ஒருநாள். கல்வி மானியத்தின் வரலாற்றை எம்.ஏ. பாடத்தில் படித்ததைவிட இந்த ஒரு பேச்சில்தான் அதிகம் தெரிந்துகொண்டேன்.

வெள்ளைக்காரன் நமக்குப் பள்ளிக்கூடம் திறந்தான் என்று நன்றியோடு பேசும் வழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. அதில் பாதி உண்மை. 1813 சாசனச் சட்டத்தில் கம்பெனி வருஷத்துக்கு ஒரு லட்ச ரூபாயைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று எழுதினார்கள். பத்து வருஷம் அதை எப்படிச் செலவழிப்பது என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1854இல் வந்தது உட்ஸ் அறிக்கை. தனியார் நடத்தும் பள்ளிக்கு அரசு உதவித்தொகை தரும் ஏற்பாடு அதிலிருந்துதான் தொடங்குகிறது. உள்ளூர் நிர்வாகம் இருக்க வேண்டும், அரசு ஆய்வாளரை உள்ளே விட வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள். கூடவே ஒன்று: எவ்வளவு சிறியதானாலும் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்க வேண்டும். இலவசமாகக் கொடுத்தால் கல்விக்கு மதிப்பிருக்காதாம்!

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கூலியைத் தானியமாக அளந்து வாங்கிய ஜனத்துக்குக் காசு ஏது? பண்ணையில் அடிமைப்பட்டுக் கிடந்தவன் பிள்ளைக்குப் 'பீசு' எங்கிருந்து வரும்? சாதி என்ற சொல்லை எழுதாமலேயே அந்த ஒரு வரி சேரியை வெளியே நிறுத்திவிட்டது. உதவித்தொகை போனது காசு கட்டக்கூடியவன் பிள்ளை படித்த பள்ளிக்கு. அந்தத் தொகை நிலவரியிலிருந்து வந்தது. நிலத்தில் யார் உழைத்தது என்று சொல்லத் தேவையில்லை.

கட்டணம் கட்டத் தயாராக இருந்தாலும் கதவு திறக்கவில்லை. 1856 ஜூன் மாதம் தார்வாரில் ஒரு மகர் சிறுவன் அரசுப் பள்ளியில் சேர மனுக் கொடுத்தான். நியாயம் அவன் பக்கம்தான் என்று பம்பாய் அரசே ஒப்புக்கொண்டது. ஒருவனைச் சேர்த்தால் மற்றவர்கள் போய்விடுவார்கள் என்று சொல்லிக் கைவிரித்தது. அரசு பணம் முழுக்கப் போட்ட பள்ளியிலேயே இந்த நிலை. எய்டட் பள்ளி திண்ணையாவது கொடுத்ததே என்று அம்மாயி சந்தோஷப்பட்டிருக்கலாம்.

சென்னை மாகாணத்தில் செங்கல்பட்டுப் பறையர் நிலைமை பற்றி டிரெமன்ஹீர் எழுதிய குறிப்புக்குப் பிறகு, 1893இல் பஞ்சமர் பள்ளிகளுக்குக் கூடுதல் உதவி தரும் ஆணை வந்தது. ஆல்காட் 1894இல் அடையாறில் தன் முதல் பஞ்சமர் பள்ளியைத் திறந்தார். கொல்லிமலையிலும் 1913 முதல் வாழவந்தியில் ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் தம்பதியர் குடியிருந்து மருத்துவமும் பள்ளியும் நடத்தினார்கள். 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். அவர்களுடைய மதப் பரப்பு வேலை பற்றி எனக்கு விமர்சனம் உண்டு. ஆனால் மலையேறி வந்து தங்கினார்களே, அதை மறைக்க முடியாது.

நிபந்தனை நம் கைக்கு வந்தது 1920களில்தான். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைச் சேர்க்க மறுக்கும் பள்ளிக்கு மானியம் இல்லை என்று 1923இல் பம்பாய் அரசு அறிவித்தது. இங்கே சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டபோது, காங்கிரஸ் தருவதாகச் சொன்ன 10,000 ரூபாயில் மீதி ஐயாயிரத்தைத் தர மறுத்தார் பெரியார். (சேரிப் பிள்ளையின் இலை எங்கே போடப்பட வேண்டும் என்ற கேள்வி அந்த விவாதத்தில் பெரிதாக எழவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.) 1950இல் இது அரசியல் சட்டமே ஆனது. அரசுப் பணம் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் சாதி காட்டி யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது 29(2).

ஆகவே, 'நிபந்தனையே கூடாது, மாநில உரிமை' என்று மட்டும் முழங்கும் தோழர்களோடு என்னால் முழுசாகச் சேர முடியவில்லை. நிபந்தனை போட்டுத்தான் நாம் உள்ளே போனோம். 1923இல் நிபந்தனை, கதவை மூடியவனைத் தண்டித்தது. 2024இல் ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் சண்டை. தண்டனை ஓவிய வாத்தியாருக்கும் அவரிடம் படிக்கும் பிள்ளைக்கும். இந்த நிபந்தனையில் எந்தச் சேரிப் பிள்ளைக்கு, எந்த மலைப் பிள்ளைக்கு இடம் கிடைக்கிறது?

சட்டத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழங்குடியினர் நலனுக்கு மாநிலங்களுக்குத் தரவேண்டிய மானியத்தை 275(1) ஒன்றியத் தொகுப்பு நிதியின் மீதே சுமத்துகிறது. அது தந்தே தீர வேண்டிய பணம். சமக்ர சிக்ஷா போன்ற திட்டங்களோ 282ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு வருபவை. அது 'கொடுக்கலாம்' என்ற பிரிவு. கொடுக்கலாம் என்றால் கொடுக்காமலும் இருக்கலாம் அல்லவா?

275(1) பணத்தில்தான் 1997-98 முதல் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளிகள் வந்தன. அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் ஒன்று, மலைமேல் செங்கரையில் ஒன்று. கட்டைவிரலை வாங்கிக்கொண்டவன் பெயரில் விருது, கொடுத்தவன் பெயரில் பள்ளி! பிள்ளைக்கு ஆண்டுக்கு 61,500 ரூபாயாக இருந்த செலவுத்தொகையை 1,09,000 ஆக்கினார்கள். நல்லது. ஆனால் 2018க்குப் பிறகு கட்டுப்பாடும் டில்லிக்குப் போனது. 2023இல் நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு வைத்து ஆள் எடுத்தபோது இந்தி அறிவும் கேட்டார்கள். கொல்லிமலைப் பிள்ளை பேசும் தமிழ் நாமக்கல்காரனுக்கே சில சமயம் பிடிபடாது.

அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளிகள் என்று இருக்கின்றன. 1991இல் மின்னசோட்டாவில் முதல் சட்டம். 1994 முதல் கூட்டாட்சி அரசின் மானியம். பணம் பொதுமக்களுடையது, நிர்வாகம் தனியார் கையில். கறுப்பினத் தாய்மார்களில் ஒருபகுதி அதை ஆதரிக்கிறார்கள், ஒருபகுதி எதிர்க்கிறார்கள். அங்கேயும் அம்மாயியின் திண்ணைக் கேள்விதான். நம் எய்டட் பள்ளிகளில் சம்பளம் அரசு தருகிறது, நியமனம் நிர்வாகத்தின் கையில். எத்தனை பள்ளிகளில் நம் ஆள் தலைமையாசிரியர் என்று தோழர்கள் அவரவர் ஊரில் எண்ணிப் பார்க்கட்டும்.

மாநில அரசும் யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. நான் தங்கிப் படித்த விடுதியில் அதிகாரி வரும் அன்றைக்குத்தான் முட்டை முழுசாக வரும். 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போனது. போகட்டும். வாங்குகிற பணம் மலை ஏறுகிறதா என்பதையும் கேட்கத்தான் போகிறோம்.

டீக்குக் காசு கொடுக்கப் போனேன். தம்பி விடவில்லை. கையில் சுருட்டிய சார்ட் அட்டைகள் வைத்திருந்தார். பள்ளிக்கா என்றேன்.

"ஆமாங்க்கா, கைக்காசுலதான். படம் வரைய அட்டையில்லன்னு புள்ளைங்க சும்மா ஒக்காந்திருக்குதுங்க."

செம்மேடு பஸ் வந்துவிட்டது. அட்டைகள் மடங்காமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஏறினார்.