எந்தச் சோறு எந்த உடலுக்கு: கல்லங்குறிச்சி வட்டாரத்தின் உணவு வரலாறு

அரியலூருக்கு அருகிலுள்ள கல்லங்குறிச்சியை இருவேறு உலகத்தார் அறிவர். கல் கம்பம் ஒன்றையே மூலவராகக் கொண்ட கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் அவ்வூர் உழவர்களிடையே பெயர்பெற்றது. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறைத் தொகுதி ஒன்றுக்கு அவ்வூர்ப் பெயரே சூட்டப்பட்டிருப்பதால் புவியியல் அறிஞரும் அதனை அறிவர். இவ்விரண்டு செய்திகளும் உணவு வரலாற்றுக்கு அயலானவை அல்ல. சுண்ணாம்பும் களியும் கலந்த இவ்வட்டார மண், மழை நீரைத் தன்னுள் நெடுநாள் தேக்கி வைத்து, பாசனம் இல்லாத புன்செய்ப் பயிரைத் தாங்கக்கூடியது. அந்நிலத்தில் விளைந்த தவசத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து கொட்டும் வழக்கமோ, மக்கள் எதை உண்டு வாழ்ந்தனர் என்பதை ஆண்டுதோறும் கண்முன் குவித்துக் காட்டியது.

பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடபகுதியாக இருந்து, 1995இல் பெரம்பலூர் மாவட்டமாகவும், சில ஆண்டுக் குழப்பத்துக்குப் பின் 2007இல் அரியலூர் மாவட்டமாகவும் பிரிந்த இந்நிலப்பரப்பு, தெற்கே கொள்ளிடக் கரையில் நெல் விளையும் ஒடுக்கமான பட்டையையும், வடக்கும் மேற்கும் விரிந்த கரிசல், செம்மண் புன்செய்களையும் கொண்டது. வரகு, கம்பு, சோளம், கேழ்வரகு, சாமை ஆகியவை இப்புன்செய்களின் முதன்மைத் தவசங்களாக இருந்தன. அவற்றுள் வரகுக்குத் தனி இடம் உண்டு. மழையை நம்பி விதைத்து, பெரும்பாலும் துவரையோடு கலந்து வளர்க்கப்பட்ட இப்பயிர், உமி நீங்காத நிலையில் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். கோபுரக் கலசங்களுக்குள் வரகை இட்டு வைக்கும் வழக்கத்துக்கு இத்தன்மையே காரணம் என்பர். ஆனால் அதன் மேலுறைகள் பல அடுக்காக இறுகியிருப்பதால் அரிசியாக்குவது கடினம். கல் திருகையில் இட்டால் மணி நொறுங்கும் என்பதால், களிமண் பூசிய மண் திருகையில் அரைத்து, பின் உரலில் குத்திப் புடைத்தெடுப்பது பெண்களின் அன்றாட உழைப்பாக இருந்தது. வரகுச் சோற்றை நாகரிகச் சமையலின் பண்டமாக இன்று புகழ்வோர் இவ்வுழைப்பைப் பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை.

தன் உடலுக்கு எந்த உணவு ஒத்துவரும் என்ற கேள்வி இக்காலத்தில் தனிமனிதர் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வதாகிவிட்டது. நூறு ஆண்டுகளுக்கு முந்தைய புன்செய்க் குடும்பத்தில் அக்கேள்வி இவ்வாறு எழவில்லை. அடிப்படைச் சோறு எது என்பதை மண்ணும் மழையும் வறுமையும் தீர்மானித்தன, எஞ்சிய சிறு இடத்தில்தான் உடலின் விருப்பு வெறுப்பு பேசியது. முன்னோர் உடல்நலம் கருதியே சிறுதானியத்தைத் தேர்ந்தெடுத்தனர் என்ற கருத்து அண்மைக் காலத்தில் பரவலாகச் சொல்லப்பட்டாலும், அதற்கு இவ்வட்டாரத்தில் சான்று அரிது. நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கல், திருமணம் போன்ற நாட்களுக்கு உரியதாகவும், பிற நாட்களில் ஏக்கத்துக்கு உரியதாகவும் இருந்தது என்பதையே புன்செய் நாட்டின் வாய்மொழி மரபு திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

அந்த எஞ்சிய சிறு இடத்தில் செயல்பட்ட அறிவு நுட்பமானது. கம்பையும் கேழ்வரகையும் முந்தைய நாள் இரவே கூழாக்கிப் புளிக்க வைத்து, மறுநாள் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கோடையில் குடிப்பதும், பழைய சோற்றின் நீரை நீராகாரமாகக் காலையில் அருந்துவதும், களியோடு புளிச்சக்கீரையோ கருவாட்டுக் குழம்போ சேர்ப்பதும், ஒரே தவசத்தைப் பருவத்துக்கும் வேலைக்கும் வயதுக்கும் ஏற்ப மாற்றிக்கொண்ட முறைகளாகும். புளிக்கவைத்தல், தவசத்தில் உள்ள இரும்பு, துத்தநாகம் போன்றவற்றைப் பிடித்துவைக்கும் பைட்டேட் என்ற சேர்மத்தைச் சிதைத்து, அச்சத்துகள் உடலில் சேர வழிசெய்கிறது என்பதை உணவியலார் பின்னாளில் விளக்கினர். குழந்தைக்குக் கேழ்வரகைப் பாலெடுத்துக் காய்ச்சுவதும், பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் மிளகும் மிகுத்துத் தனிச் சோறு வடிப்பதும் இவ்வகையினவே.

இந்த வீட்டறிவுக்கு மேலே சித்த மருத்துவத்தின் கோட்பாடு நின்றது. வளி, அழல், ஐயம் என்றும், வாதம், பித்தம், கபம் என்றும் சொல்லப்படும் மூன்று உயிர்த்தாதுக்கள் ஒன்று, அரை, கால் என்ற அளவில் அமைந்திருப்பதே நலம் என்றும், ஆள்தோறும் அவற்றுள் ஒன்று மேலோங்கி நிற்பதால் உடல்வாகு வேறுபடுகிறது என்றும் அது கொண்டது. பதார்த்த குண சிந்தாமணி போன்ற குணநூல்கள் நீர், பால், கீரை, தவசம், ஊன் என ஒவ்வொரு பண்டமும் எந்தத் தாதுவை ஏற்றும், எதைத் தணிக்கும் என்று வகுத்துரைத்தன. பத்தியம் என்பது மருந்துண்ணும் காலத்தில் உணவுக்கு இடும் வரம்பு. மருந்து முடிந்த பின்னும் அதே அளவு நாட்கள் அவ்வரம்பைக் காப்பது மறுபத்தியம். புளி நீக்குவதும், உப்பை வறுத்துச் சேர்ப்பதும், மருந்தின் ஆற்றலை முறிக்கும் எனக் கருதி அகத்திக்கீரையை விலக்குவதும் ஊரறிந்த விதிகள். திருக்குறளின் மருந்து என்ற 95ஆம் அதிகாரம் இவ்வளவு விரிவான பட்டியல் எதையும் தரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. எந்தப் பண்டத்தையும் பெயர் சொல்லாமல், முன்னுண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதையும், உடலோடு முரண்படாததை உண்பதையும் மட்டுமே அது வலியுறுத்துகிறது.

புன்செய் நாட்டின் பார்வையில் குணநூல்களில் ஓர் உறுத்தல் உண்டு. தோல் நோயை உண்டாக்குவன அல்லது மிகுவிப்பன என்று சித்த மருத்துவர் விலக்கச் சொல்லும் பண்டங்கள் கரப்பான் பண்டங்கள் எனப்படும். அப்பட்டியலில் கத்திரிக்காய், வாழைக்காய், பாகற்காய், சில மீன்கள் ஆகியவற்றோடு வரகும் கம்பும் சோளமும் இடம்பெறுகின்றன. ஆண்டு முழுதும் அவற்றையன்றி வேறு தவசம் காணாத ஒரு கரிசல் குடும்பத்துக்கு இவ்விலக்கு எவ்வாறு பொருந்தியிருக்கும்? நோயாளிக்கு மட்டும் பச்சரிசிக் கஞ்சியைக் கடன்பட்டேனும் தேடுவது, அல்லது விலக்கைப் பாதியளவே கைக்கொள்வது என்பவையே நடைமுறையில் இருந்த வழிகள். நூல் வகுத்தவர்களின் அடுக்களையில் நெல் இருந்தது என்று ஊகிப்பது தவறாகாது.

காலனிய ஆட்சியின் மருத்துவர்கள் இதே தவசங்களை வேறொரு கண்ணால் நோக்கினர். சென்னை மாகாண மக்களின் உணவையும் சிறைக் கைதிகளின் உணவுப்படியையும் பற்றி டபிள்யூ. ஆர். கார்னிஷ் 1863இல் வெளியிட்ட அறிக்கை, கேழ்வரகும் கம்பும் சோளமும் உண்போரின் உணவை விரிவாகப் பதிவு செய்தது. 1876–78 பெரும்பஞ்சத்தின்போது, நிவாரண வேலையில் ஈடுபட்ட ஆடவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தவசமும் சிறு காசும் போதும் என்று இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் விதித்தபோது, கடும் உழைப்புக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த அதே கார்னிஷ் எதிர்த்து வாதிட்டார். உடலுக்கு ஏற்ற உணவு எது என்ற கேள்வி, உடல் செத்துப்போகாமல் இருக்க எவ்வளவு தேவை என்ற கேள்வியாகச் சுருங்கிய காலம் அது.

குன்னூரில் நிகழ்ந்த ஆய்வுகள் அக்கேள்வியை மீண்டும் விரித்தன. 1918இல் அங்கே பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கிய ராபர்ட் மக்கேரிசன், இந்தியாவின் வெவ்வேறு வட்டார உணவுகளை எலிகளுக்கு ஊட்டி ஒப்பிட்டு, கோதுமையும் பாலும் மிகுந்த சீக்கியர் உணவை மிக உயர்ந்ததாகவும், அரிசியை மையமாகக் கொண்ட மதராசி உணவைத் தாழ்ந்ததாகவும் வரிசைப்படுத்தினார். பாலும் நெய்யும் பெற்ற உணவையும் அவை பெறாத உணவையும் ஒப்பிட்டுவிட்டு அவ்வேறுபாட்டை இனத்தின் பெயரால் குறித்தது இவ்வாய்வின் குறை. மதராசி என்ற ஒற்றைப் பெயரில் அரியலூரின் வரகு உண்போர் முற்றிலும் மறைந்துபோயினர் என்பதும் குறையே. பெரிபெரி ஆய்வின் பயன் இதைவிட உறுதியானது. தயமின் என்ற உயிர்ச்சத்து குறைவதால் வரும் இந்நோய், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வட சர்க்கார் எனப்பட்ட ஆந்திரக் கடலோரத்தில் மிகுந்தும், புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அரிதாகவும் இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்து அரிசிக்குள் ஊடுருவிவிடுவதால், பின்னர் தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. பச்சரிசியைவிடப் புழுங்கல் எளிதில் செரிக்கும் என்று சொல்லி அதையே அன்றாடச் சோறாகக் கொண்ட தமிழ் வீடுகள், தாம் அறியாத ஒரு காரணத்தால் காக்கப்பட்டன.

குன்னூர் ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறிய பின், அங்கே சி. கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகண்டையாவும் 1960இல் வெளியிட்ட ஆய்வு, தக்காணத்தில் சோளத்தையே முழுமையாக நம்பி வாழ்ந்த ஏழை உழவுத் தொழிலாளரிடம் தோல் கருகித் தடிக்கும் பெல்லாக்ரா நோய் வருவதைக் காட்டி, சோளப் புரதத்தில் மிகுந்துள்ள லூசின் என்ற அமினோ அமிலத்தை அதற்குக் காரணமாக முன்வைத்தது. அக்காரண விளக்கம் பின்னர் விவாதத்துக்கு உள்ளானது. சோளத்தைத் தோல் நோயோடு இணைத்த கரப்பான் விலக்கையும் இதனையும் ஒன்றெனக் கூறுவது பிழையாகும். இரண்டின் நோய்க்குறிகளும் கோட்பாடும் வேறு. எனினும், ஒற்றைத் தவசத்தில் மட்டும் உயிர்வாழும் வறிய உடலில் அத்தவசத்தின் குறை தோலில் வெளிப்படக்கூடும் என்பதைப் பழைய வைத்தியர் கண்டிருக்க வாய்ப்பே இல்லை என்றும் தள்ளிவிட இயலாது.

வரகிலும் தீங்கு உண்டு. ஈரத்தில் முற்றிய மணிகளில் சில பூஞ்சைகள் பற்றும்போது சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற நஞ்சு உருவாகி, உண்டவருக்கு மயக்கமும் வாந்தியும் நடுக்கமும் தருகிறது. 2024இல் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் பத்து யானைகள் இறந்ததற்கு இவ்வகை வரகே காரணம் என ஆய்வறிக்கைகள் கூறின.

இவ்வட்டாரத்தின் அடுக்களையை மாற்றியது மருத்துவமன்று, அரிசியின் விலை. உயர்விளைச்சல் நெல், அரிசியை மையப்படுத்திய அரசியல், 1972இல் அமைந்த நுகர்பொருள் வாணிபக் கழகம், 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம், 2008இல் கிலோ 1 ரூபாய்க்கும் 2011 முதல் விலையின்றியும் நியாயவிலைக் கடையில் கிடைத்த அரிசி ஆகியவை, மண்ணுக்கும் சோற்றுக்கும் இருந்த பிணைப்பை ஒரு தலைமுறைக்குள் அவிழ்த்தன. இதனை வீழ்ச்சியாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது. பஞ்சத்தை நினைவில் வைத்திருந்த குடும்பங்களுக்கு நாள்தோறும் நெல்லுச்சோறு கிடைத்தது பெரும் விடுதலை. ஆனால் ஏர் பூட்டி, களை பறித்து, கல்லுடைத்த உடல்களுக்குப் பொருந்திய அளவுச் சோறு, சிமெண்ட் ஆலைப் பணிக்கும் இருசக்கர வண்டிக்கும் மாறிய உடல்களுக்குப் பொருந்தவில்லை. சென்னையில் வி. மோகன் குழுவினர் நடத்திய ஆய்வுகள், தீட்டிய அரிசியை மிகுதியாக உண்பதற்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பைச் சுட்டின. 2023இல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் எனக் கணித்தது.

அதன்பின் வரகு மருந்தாகத் திரும்பியது. 100 கிராமுக்கு 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்துள்ள கேழ்வரகும், நார்ச்சத்து மிகுந்த வரகும் நகரக் கடைகளில் அரிசியைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கின்றன; அவற்றுள் பலவும் வெண்மைக்காகத் தீட்டப்பட்டு, எதற்காக வாங்கப்பட்டனவோ அத்தவிட்டையே இழந்து வருகின்றன. இசுரேலின் வைஸ்மன் நிறுவனத்தினர் 2015இல் 800 பேரிடம் நடத்திய ஆய்வு, ஒரே உணவு ஒருவர் குருதியில் சர்க்கரையை உயர்த்துவதையும் மற்றொருவரிடம் அவ்வாறு உயர்த்தாததையும் காட்டி, குடல் நுண்ணுயிர்களை அதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கூறியது. ஆள்தோறும் உடல்வாகு வேறு என்ற சித்தர் கருத்துக்கு இது சான்று ஆகாது; அக்கேள்வி பழையது என்பதற்கு மட்டும் சான்றாகலாம்.

பெரம்பலூர், அரியலூர் கரிசலில் வரகு இருந்த இடத்தின் பெரும்பகுதியை இப்போது பருத்தியும் மக்காச்சோளமும் பிடித்துள்ளன. மக்காச்சோளத்தை இவ்வட்டார மக்கள் உணவாகக் கொள்வதில்லை. அது லாரிகளில் நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகச் செல்கிறது. நாமக்கல் முட்டை, பள்ளிச் சத்துணவில் நியாயவிலை அரிசிச் சோற்றின் மேல் வைக்கப்படுகிறது.