வாடிய மலர் வளையம்

குடியரசு நாளன்று டில்லி மாநகரில் அணிவகுப்புத் தொடங்குமுன், பிரதமர் தேசியப் போர் நினைவிடத்திற்குச் சென்று மலர் வளையம் வைத்து வணங்குகிறார். தலைநகரில் வாழும் தமிழன்பர்கள் பலர் இக்காட்சியைக் கண்டிருப்பீர்கள். ஆனால், வைத்த வளையம் பின்னர் என்னவாகிறது என்று எண்ணிப் பார்த்தோர் சிலரே. மலர் வைத்தவரின் பெயரை வரலாறு குறித்து வைக்கிறது. வாடிய மலரை எடுத்தவரின் பெயரைக் குறிப்பதில்லை. எனினும், மாண்ட வீரரை ஒரு சமுதாயம் எவ்வாறு மதிக்கிறது என்பதை அறிய வேண்டின், வைக்கும் கையோடு எடுக்கும் கையையும் நாம் உற்று நோக்குதல் வேண்டும்.

நமக்கு இக்கருத்துப் புதிதன்று. இறைவனுக்குச் சாத்திய முதல் நாள் மாலையை நிர்மாலியம் என்கிறோம். அதைக் களைவதும் வழிபாட்டின் ஓர் உறுப்பே. வாடிய மலரை அகற்றினாலன்றிப் புது மலருக்கு இடம் ஏது? போர் நினைவுச் சின்னங்களைப் பொறுத்தவரை, மேலை நாட்டார் இவ்வுண்மையை முதல் உலகப் போருக்குப் பின் தம் அனுபவத்தால் கற்றுக்கொள்ள நேர்ந்தது.

1919-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் லண்டனில் சமாதான அணிவகுப்பு நடைபெற்றது. அதற்காக வொயிட்ஹால் வீதியின் நடுவே, எட்வின் லூட்டியன்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் மரத்தாலும் சாந்தாலும் ஒரு தற்காலிகச் சின்னத்தை எழுப்பினார். அதன் பெயர் ‘செனட்டாப்’. வெறுங்கல்லறை என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். அணிவகுப்பு முடிந்ததும் அது கலைக்கப்பட வேண்டியது. ஆனால் மக்கள் விடவில்லை. போர்க்களத்தில் மடிந்தோரின் உடலைத் தாயகத்திற்குக் கொண்டுவருவது போரின்போதே தடை செய்யப்பட்டிருந்தது. எனவே, மகனுக்குக் கல்லறை கட்ட இயலாத தாயர், அந்த வெறுங்கல்லறையையே தம் மகனுடைய கல்லறையாகக் கொண்டு மலர்களைக் குவித்தனர். அந்த மலர்க் குவியலே சின்னத்தை நிலைபெறச் செய்தது எனலாம். அதே இடத்தில் போர்ட்லந்து கல்லால் நிலையான சின்னம் கட்டப்பெற்று, 1920 நவம்பர் 11-ஆம் நாள் திறக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் இலட்சக்கணக்கானோர் அதனைக் கடந்து சென்றனர். அடியில் குவிந்த மலர்கள் ஆளுயரத்துக்கும் மேலெழுந்தன.

இங்கேதான் சிக்கல் தோன்றியது. நெரிசல் மிக்க நடுவீதியில் மலர்கள் அழுகிக் கிடத்தல் மரியாதை ஆகுமா? ஆகாது. அப்படியாயின், ஒரு தாய் தன் கையால் எழுதிய சீட்டுடன் வைத்த பூங்கொத்தைக் குப்பையோடு குப்பையாக வாரிச் செல்வது மரியாதை ஆகுமா? அதுவும் ஆகாது. சின்னத்தின் மேலே கல்லிலும் வளையங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவை வாடுவதில்லை, எனினும் மனித மனம் அவற்றால் நிறைவடைவதில்லை. தான் கொணர்ந்த மலரை வைத்தால்தான் அதற்கு ஆறுதல்.

பிரிட்டனில் இதற்கு ஒரு வழி பிறந்தது. போர்க்களங்களில் பூத்த பாப்பி என்னும் செம்மலர், நம் சமையலறைக் கசகசாச் செடியின் இனத்தது. 1921-இல் தொடங்கிய பிரிட்டிஷ் லீஜன் என்னும் முன்னாள் வீரர் சங்கம் அம்மலரைத் தன் அடையாளமாக்கியது. 1922-இல் போரில் ஊனமுற்ற வீரர்களுக்கு வேலை தரும் பொருட்டுச் செயற்கைப் பாப்பி செய்யும் தொழிற்சாலை ஒன்று நிறுவப்பட்டது. நவம்பரில் அந்நாட்டு ஊர்தோறும் வைக்கப்படும் வளையங்கள் பெரும்பாலும் செயற்கைப் பாப்பியால் ஆனவையே.

செயற்கை மலர் அழுகாது. ஆயினும் மழையில் நனைந்து வெயிலில் வெளிறும். கம்பி துருப்பிடித்தால் கல்லில் கறை படியும். எனவே அதையும் எடுத்தாக வேண்டும். எப்போது எடுப்பது என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. சில ஊர்களில் புத்தாண்டு பிறந்ததும் எடுத்துவிடுவர். சில ஊர்களில் அடுத்த நவம்பர் வரை விட்டுவைப்பர். முன்னறிவிப்பின்றி எடுத்தால் மனம் புண்படும். எடுக்காது விட்டால் நினைவிடம் கேட்பாரற்றது போலத் தோன்றும். பிளாஸ்டிக்கால் விளையும் கேட்டை உணர்ந்து, 2023-இல் அச்சங்கம் சட்டையில் அணிவதற்கென முழுதும் தாளால் ஆன பாப்பியை வெளியிட்டது.

அமெரிக்கர் கண்ட முறை வேறு. வாஷிங்டனில் 1982-இல் திறக்கப்பெற்ற வியத்நாம் போர் நினைவுச் சுவரில் 58,000-க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அதன் அடியில் மக்கள் மலர் மட்டுமன்றிக் கடிதங்களையும், பதக்கங்களையும், காலணிகளையும் வைத்துச் செல்லலாயினர். தேசியப் பூங்காத் துறையினர் இவற்றைத் திரட்டுகின்றனர். வாடும் மலர்களை விலக்கிவிட்டு, கடிதம் முதலியவற்றைப் பட்டியலிட்டுக் காப்பகத்தில் வைக்கின்றனர். மலர் மண்ணுக்கு உரியது; எழுத்து வரலாற்றுக்கு உரியது என்னும் பாகுபாடு இதில் விளங்குகிறது.

மீண்டும் டில்லிக்கு வருவோம். லண்டன் சின்னத்தை அமைத்த அதே லூட்டியன்ஸ் வகுத்ததே இந்தியா கேட். 1931-இல் திறக்கப்பெற்ற அதில் 13,000-க்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அதன் கீழ் 1972-இல் அமர் ஜவான் ஜோதி ஏற்றப்பட்டது. 2019-இல் அருகே தேசியப் போர் நினைவிடம் எழுந்தது. அதனை வடிவமைத்தது சென்னையைச் சேர்ந்த கட்டடக்கலை நிறுவனம் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 2020 முதல் குடியரசு நாள் மலர் வளையம் அங்கே வைக்கப்படுகிறது. 2022-இல் பழைய சுடரும் அங்குள்ள சுடருடன் இணைக்கப்பட்டது. அங்கே வட்டமாக நிற்கும் கருங்கற்களில் வீரர் ஒவ்வொருவரின் பெயரும் தனித்தனியே பொறிக்கப்பட்டுள்ளது.

தமிழகத்திலிருந்து உறவினர் வந்தால் அவர்களை அழைத்துச் சென்று காட்டுங்கள். அங்கு நம் மொழியினர் பெயர் கண்ணில் படலாம். மலர் வைக்க மனம் விழையலாம். அம்மலர் நாளை அங்கிராது. அதற்காக வருந்த வேண்டுவதில்லை. வாடியது தெரியாமல் கிடப்பதே மறதி. உரிய காலத்தில், உரிய மரியாதையுடன் ஒருவர் குனிந்து அதை எடுக்கிறார் என்றால், அந்தக் கல்லை நாள்தோறும் பார்ப்பவர் ஒருவர் உண்டு என்பதே அதன் பொருள்.