லிலித் என்னும் மேஸ்திரி: ஆக்டேவியா பட்லரின் ‘டான்’ நாவலைத் திருப்பூரிலிருந்து வாசித்தல்

1. நாவல்

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் (1947–2006) எழுதிய ‘டான்’ 1987இல் வெளிவந்தது. முத்தொகுதி ஒன்றின் முதல் நூல். அணுப்போர் முடிந்து 250 ஆண்டுகளுக்குப் பின் லிலித் ஐயாப்போ, வேற்றுக்கோளினரின் உயிருள்ள கப்பலுக்குள் கண்விழிக்கிறாள். ஓவன்காலி என்னும் அவ்வினத்தார் வியாபாரிகள். அவர்கள் சரக்கு மரபணு. எஞ்சிய மனிதரைக் காப்பாற்றியதற்கு ஈடாகத் தங்களோடு கலந்த பிள்ளைகளைக் கேட்கிறார்கள். கேட்கிறார்கள் என்பதுகூட மிகைதான்.

2. அறை

லிலித்தை அறையில் அடைத்துவைத்த ஓவன்காலி கொடுமை செய்திருந்தால் வாசகருக்கு இவ்வளவு உறுத்தாது. லிலித்தின் உடலிலிருந்த புற்றுநோயை அவளிடம் சொல்லாமலே அகற்றியிருக்கிறார்கள். தழும்பைப் பார்த்துத்தான் ஏதோ நடந்தது தெரிகிறது. சோறு உண்டு, சுகம் உண்டு. எழுதத் தாளும் பேனாவும் கேட்டால் மறுப்பு.

‘சுமங்கலித் திட்டம்’ என்று மூன்றாண்டுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்த நூற்பாலை விடுதிகளைத் தெரிந்தவர்களுக்கு இந்த அறை பழக்கப்பட்டதே. கட்டில், சாப்பாடு, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை. செல்போனுக்கும் வெளியே போவதற்கும் கட்டுப்பாடு. ‘உங்க பாதுகாப்புக்குத்தான்மா’ என்று வார்டன் சொல்வது முழுப் பொய்யுமல்ல, சங்கடம் அங்கேதான்.

3. இடையில் நிற்பவள்

நாவலின் உயிர் இப்பகுதி. உறங்கும் மனிதரை எழுப்பி, பூமியில் பிழைக்கப் பழக்கும் வேலை லிலித்துக்கு. எழுந்தவர்கள் அவளைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள்: இவள் நம்மவளா, அவர்கள் ஆளா? அவள் துணைவன் ஜோசப்பின் காயம் வழக்கத்துக்கு மாறாக விரைவில் ஆறுகிறது. அதுவே குற்றமாகி, வெட்டிக் கொல்லப்படுகிறான்.

திருப்பூர் பி.என். ரோட்டுப் பக்கம் பனியன் கம்பெனி ஒன்றில், லிலித்தைப் போலவே இடையில் நிற்கும் பீகார் மேஸ்திரி ஒருவரைக் கவனித்திருக்கிறேன். ‘ஏனுங்க’ போட்டுத்தான் பேசுவார். செக்கிங் டேபிளில் ‘பிசிறு’ என்ற சொல்லை மட்டும் இந்திக்கு மாற்றுவதில்லை. அவர்கீழ் வேலை பார்க்கும் பையன்களும் ‘பிசிறு’ என்றே பழகிவிட்டார்கள். ஷிப்மென்ட் நெருங்கினால் ஆபீஸில் ‘நம்ம பையனுங்க’. ஒருவன் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால் ‘உங்காளு ஓடிட்டானே’. பையன்களுக்கோ, பீசுக்கு இத்தனை பைசா இவர் எடுக்கிறார் என்ற முணுமுணுப்பு. எடுக்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

4. ஒப்பீடு இடறும் இடம்

முதலாளியை ஓவன்காலி என்று சொல்லிவிட்டால் கட்டுரை சுலபமாகிவிடும். அவரும் பையர் குறித்த தேதிக்குக் கட்டுப்பட்டவர். பேச்சுவழக்கில் ‘வடக்கன்’ ஆகிவிட்ட தொழிலாளியோ, எந்தக் கோளிலிருந்தும் வந்தவரல்லர்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவின. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. ஹோலி சமயம் வேறு. பண்டிகைக்குப் போகிறவர் யார், பயந்து போகிறவர் யார் என்று ரயில் நிலையக் கூட்டத்தில் பிரித்தறிய வழியில்லை. மேஸ்திரி போகவில்லை. டேபிளுக்கு ஆள் குறையக்கூடாதே.

நாவலின் முடிவிலும் மற்றவர்கள் பூமிக்கு அனுப்பப்படுகிறார்கள். லிலித்தைக் கப்பலிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த கூட்டத்தை எழுப்ப ஒருத்தி வேண்டும்.