மேல்காற்றும் மேல்மண்ணும்

ஆனி பிறந்தால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மேல்காற்று தொடங்கிவிடும். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கைக் கேரளத்துச் சரிவிலேயே இறக்கிவிட்டு, மலை தாண்டி வரும் வறண்ட காற்று அது. கிழக்கே சாத்தூர், கோவில்பட்டி வரை விரிந்த மானாவாரிக் கரிசலில் விதைப்பு புரட்டாசி, ஐப்பசியில்தான். ஆகவே காற்று உக்கிரமாக வீசும் மாதங்களில் காடு உழுது புழுதியாகக் கிடக்கும்.

காற்று நெடுங்காலம் வீசினால் மண் என்னவாகும் என்பதைத் தெற்கே சாத்தான்குளம், திருச்செந்தூர் வட்டாரத்தில் தேரிகள் எனப்படும் செம்மணல் மேடுகளில் பார்க்கலாம். மலையடிவாரச் செம்மண்ணை மேல்காற்று வாரிவந்து கடலோரம் குவித்தது என்று புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1883-ல் எழுதினார். அந்தச் செம்மணலில் கிடைத்த குறுங்கற்கருவிகளை ஆராய்ந்து 1956-ல் எழுதிய ஆய்வாளர்கள் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் தேரிகளின் வயதைக் கடல்மட்ட மாற்றங்களோடு பொருத்திப் பார்த்தார்கள். இன்று பனையும் முந்திரியும் உடைமரமும் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன.

மண் எப்படிப் பறக்கிறது? நுண்ணிய தூசியைக் காற்று நேரே கிளப்புவது குறைவு. சற்றுப் பருத்த மணல்தான் முதலில் துள்ளுகிறது; அது விழும் இடத்தில் அடிபட்டுத் தூசி எழும்புகிறது. லிபியப் பாலைவனத்தில் அலைந்த ரால்ஃப் பாக்னால்டு 1941-ல் வெளியிட்ட நூலில் இதன் கணக்கை விளக்கினார். ஒரு குறிப்பிட்ட வேகம் வரை மணல் அசையாது. அதைத் தாண்டி வேகம் இருமடங்கானால், நகரும் மணல் ஏறக்குறைய எட்டு மடங்காகும்.

எனவே மாதச் சராசரி ஏமாற்றிவிடும். சில நாள் வேகக் காற்றே ஆண்டின் சேதத்தில் பெரும்பகுதியைச் செய்துவிடக்கூடும்.

காற்றின் நாள்வாரிக் கணக்கை இந்தியாவில் பெரிய அளவில் திரட்டியது விவசாயத்துக்காக அல்ல, மின்சாரத்துக்காக. மலைக்கு அந்தப்பக்கம் பீர்மேட்டில் 1918-ல் பிறந்த வானிலை அறிவியலாளர் அன்னா மணி, நாடெங்கும் காற்றை அளக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். தூத்துக்குடியில் 1986-ல் காற்றாலைகள் எழுந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில் அவை பெருகின.

அதே அளவீடுகள் கரிசலுக்கும் உதவும். காற்று உச்சமடையும் வாரங்களைக் கணித்துச் சொன்னால், அவை கடக்கும்வரை சோளக்கட்டையை நிலத்திலேயே விட்டு உழவைத் தள்ளிப்போடலாம். மேல்காற்றுக்குக் குறுக்கே, தெற்கு வடக்காகப் பனை வரிசை வைக்கலாம். 1901 முதல் மானாவாரிப் பயிர்களை ஆராயும் கோவில்பட்டி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது; மழைக்கணக்கைப் போலக் காற்றின் கணக்கும் அங்கிருந்து உழவருக்குப் போய்ச் சேர வேண்டும்.