வரவேற்பறைக் கணினி: ஒரு சிறு வரலாறு

திரைப்பட வரலாறு இயக்குநர்களையும் நடிகர்களையும் பேசுகிறது. தொழில்நுட்ப வரலாறு காமிராவையும் ஒலிப்பதிவையும் பேசுகிறது. வீட்டில் படம் பார்ப்பதற்காகப் பார்வையாளன் தன் கையாலேயே பூட்டிக்கொண்ட கருவியைப் பற்றிப் பேசுவோர் அரிது. தொலைக்காட்சியோடு இணைக்கப்பட்டு, படங்களைச் சேமிக்கவும் பதிவு செய்யவும் ஓட்டவும் பயன்பட்ட ஹோம் தியேட்டர் கணினி அத்தகைய கருவி. விலை கொடுத்து வாங்கிய படத்தை எப்போது, எதில், எவ்வாறு பார்ப்பது என்பதை யார் தீர்மானிப்பது? அதன் கதை முழுவதையும் இந்த ஒரு கேள்வியில் அடக்கிவிடலாம்.

கேள்வி கணினிக்கு முந்தையது. சோனியின் பீட்டாமாக்ஸ் பதிவுக் கருவியை எதிர்த்து யூனிவர்சலும் டிஸ்னியும் 1976-இல் வழக்குத் தொடுத்தன. 1984 ஜனவரி 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியை வேறொரு நேரத்தில் பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது நியாயமான பயன்பாடே என்று நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதினார். 5-க்கு 4 என்ற பெரும்பான்மை. ஒரே ஒரு வாக்கு மாறியிருந்தால் வீட்டில் படம் பார்க்கும் வழக்கமே வேறு பாதையில் சென்றிருக்கும்.

1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் டிவிடி விற்பனைக்கு வந்தது. ஒளித்தட்டில் இருந்த படம் 40 பிட் நீளமுள்ள சாவியால் பூட்டப்பட்டிருந்தது. உரிமம் பெற்ற கருவிகளிடமும் மென்பொருள்களிடமும் மட்டுமே சாவி இருந்தது. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. கடையில் முறையாக வாங்கிய தட்டும், அதைப் படிக்கும் இயக்கியும் கையில் இருந்தும் படம் ஓடாது. இந்நிலையில் 1999 அக்டோபரில் டிசிஎஸ்எஸ் என்ற சிறு நிரல் இணையத்தில் வெளியானது. அதோடு பெயர் இணைக்கப்பட்ட நார்வேச் சிறுவன் யோன் லெக் யோஹான்சனுக்கு அப்போது வயது 15.

அந்த ஒரே நிரலை இரண்டு நாடுகளின் நீதிமன்றங்கள் இருவேறு விதமாகக் கண்டன. அதை வெளியிட்ட 2600 என்ற இதழுக்கு விதிக்கப்பட்ட தடையை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001 நவம்பரில் உறுதி செய்தது. 1998-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பூட்டைத் திறக்கும் கருவியைப் பரப்புவதே குற்றம். ஓஸ்லோ நீதிமன்றமோ 2003 ஜனவரியில் யோஹான்சனை விடுவித்தது. முறையாக வாங்கிய படத்தைத் தன் கணினியில் பார்க்க ஒருவருக்கு உரிமை உண்டு என்பது அதன் நிலை. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் விடுதலை நிலைத்தது.

பிரான்சில் நடந்தது சந்தடியற்ற கதை. பாரிஸின் எக்கோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள், வளாக வலைப்பின்னல் வழியே தொலைக்காட்சியைக் கொண்டுவரும் திட்டம் ஒன்றை 1996-இல் தொடங்கினர். அதிலிருந்து பிறந்த விஎல்சி, 2001 பிப்ரவரி 1 முதல் எவரும் எடுத்தாளக்கூடிய கட்டற்ற மென்பொருளாயிற்று.

இவற்றின் பின்னணியில்தான் கணினி படிப்பறையிலிருந்து வரவேற்பறைக்கு நகர்ந்தது. 2002-இல் மூன்று பாதைகள் தோன்றின. மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் எக்ஸ்பியின் மீடியா சென்டர் பதிப்பை வெளியிட்டது. ஐசக் ரிச்சர்ட்ஸ், லினக்ஸில் இயங்கும் மித்டிவியைத் தொடங்கினார். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியின் பூட்டை நீக்கிய ஆர்வலர்கள், அதில் படம் ஓட்டும் மென்பொருளை எழுதினர். பின்னாளில் எக்ஸ்பிஎம்சி என்று பெயர்பெற்ற அது, 2014 முதல் கோடி என்று வழங்குகிறது.

அந்நாளில் இக்கணினியை அமைத்தவர்களின் முதல் எதிரி ஓசை. படத்தின் மௌனமான காட்சியில் விசிறியின் இரைச்சல் கேட்டால் எல்லாம் பாழ். 17 செ.மீ. சதுரமே உள்ள மினி ஐடிஎக்ஸ் பலகையை வியா நிறுவனம் 2001-இல் கொணர்ந்தபோது, விசிறியில்லாத சிறு பெட்டி கைக்கெட்டியது.

இரண்டாவது சிக்கல் நுட்பமானது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களில் எடுக்கப்படுவது. அமெரிக்கத் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவது. ஆகவே ஒரு சட்டகம் இருமுறையும் அடுத்தது மும்முறையுமாகக் காட்டப்படும். காமிரா மெல்ல நகரும் காட்சிகளில் இது ஒரு தயக்கமாகத் தெரியும். 50 முறை புதுப்பிக்கும் ஐரோப்பிய நாடுகளில் படத்தையே 25 சட்டகங்களுக்கு விரைவாக்கினார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்தது, நடிகர்களின் குரலும் சற்று உயர்ந்தது. திரையின் வேகத்தைப் படத்துக்கேற்ப மாற்றவும், விரைவாக்கிய பதிப்பை மீண்டும் 24-க்கு இறக்கவும் கணினியால் முடிந்தது. இயக்குநர் எண்ணிய கதியில் படத்தைக் காண்பது ரசிகனின் கையில் வந்தது.

ஆனால் பூட்டுகள் ஓயவில்லை. இலக்கமுறைத் தொலைக்காட்சிக் கருவிகள் யாவும் ஒளிபரப்பிலுள்ள தடைக்குறிக்குக் கட்டுப்பட வேண்டுமென்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2003 நவம்பரில் விதி வகுத்தது. அது நடைமுறைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன், 2005 மே 6 அன்று, நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கை முன்னின்று நடத்தியது அமெரிக்க நூலகச் சங்கம். வரவேற்பறைப் பெட்டியைப் பற்றிய வழக்கில் நூலகர்களுக்கு என்ன வேலை என்று வியப்போர் உண்டு. படைப்புகளைச் சேமித்து, பிறகு எடுத்துப் பார்க்கும் உரிமையே நூலகத்தின் அடித்தளம் என்பதை நினைத்தால் வியப்பு அகலும்.

கணினியின் இடத்தை இறுதியில் சுருக்கியது வசதி. நெட்ஃப்ளிக்ஸ் 2007-இல் இணையவழிப் படங்களைத் தொடங்கியது. விண்டோஸ் 10 வந்த 2015-இல் மீடியா சென்டர் கைவிடப்பட்டது. 2023 செப்டம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் டிவிடிகளை அஞ்சலில் அனுப்புவதையும் நிறுத்தியது. பல்லாயிரம் படங்கள் விரல் நுனியில் கிடைக்கின்றன. ஆயினும் உரிம ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு படம் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். நேற்று பாதி பார்த்த படம் இன்று இல்லாமற்போவதை வாசகர் பலரும் கண்டிருப்பர்.

எனவே இன்றும் இக்கணினியை அமைக்க விரும்புவோருக்குப் பழைய அனுபவம் சில அளவுகோல்களைத் தருகிறது. விசிறியற்ற, குறைந்த மின்சாரம் உண்ணும் சிறு பெட்டி போதும். ஹெச்.264, ஹெச்இவிசி, ஏவி1 ஆகிய மூன்று குறிமுறைகளையும் வன்பொருளிலேயே விரிக்கும் சில்லு வேண்டும். இல்லையேல் மையச் செயலி திணறும். திரையின் புதுப்பிப்பு வேகத்தைப் படத்தோடு பொருத்தும் வசதியைக் கோடியின் அமைப்புகளில் இயக்கிவிட வேண்டும். சேமித்தவற்றுக்கு வேறொரு வன்தட்டில் மறுபிரதி வைப்பது இன்றியமையாதது, ஏனெனில் வன்தட்டு எதுவும் நிரந்தரமன்று. ஸ்ட்ரீமிங் சேவைகளை மட்டுமே நம்பியிருப்போருக்கு இது தேவையில்லை. அவற்றுள் பல, பொதுக் கணினிகளுக்கு உயர்ந்த தரத்திலான படத்தைத் தருவதுமில்லை.

புத்தக அலமாரி வைத்திருப்பவர் நூலகத்தை வெறுப்பவரல்லர். மீண்டும் மீண்டும் திரும்பிச் செல்ல வேண்டிய சில நூல்கள் தம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று கருதுபவர். மறக்கவியலாத சில படங்களுக்கும் அத்தகைய அலமாரி ஒன்று வேண்டியிருக்கிறது. கால் நூற்றாண்டாக ஆர்வலர்கள் விசிறி ஓசையோடும் சட்டகக் கணக்கோடும் நீதிமன்றத் தீர்ப்புகளோடும் மல்லுக்கட்டியது அந்த அலமாரிக்காகத்தான்.