நான்கு சுவர்களுக்குள் காற்பந்து



சில ஆண்டுகளுக்கு முன், பினாங்குத் தீவில் வாடகைக்கு எடுத்த உள்ளரங்கம் ஒன்றில், தமிழ்ப்பள்ளிகளுக்கிடையே ஃபுட்சால் போட்டி நடைபெற்றது. கட்டணத்தைப் பிள்ளைகளிடையே பங்கிட்டோம்; தலைக்கு இருபது ரிங்கிட். எங்கள் குழுவின் கோல் காவலன் ஐந்தாம் ஆண்டு மாணவன், துணிச்சல்காரன். போட்டிக்கு முதல் நாள் என்னிடம் வந்து, "ஐயா, முட்டி வலிக்குது, நான் வரல" என்றான். நானும் நம்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அவன் தாயாரைப் பள்ளி வாயிலில் சந்தித்தபோதுதான் உண்மை தெரிந்தது. முட்டியில் வலி ஒன்றும் இல்லை. அந்த இருபது ரிங்கிட்டை வீட்டில் கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. என்னிடம் சொல்லியிருந்தால் நான் கொடுத்திருப்பேன். ஆனால் ஒரு பிள்ளை அப்படிச் சொல்லவேண்டிய நிலையை உண்டாக்கியவனே நான்தானே?

அதன் பிறகே இவ்வாட்டத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். படிக்கப் படிக்க வியப்பும் வெட்கமும் ஒருசேர வந்தன.

ஃபுட்சாலைத் தோற்றுவித்தவர் ஓர் ஆசிரியர். 1930-ஆம் ஆண்டு உருகுவே நாட்டின் தலைநகரான மொந்தேவிதேயோவில் முதல் உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி நடந்தது; உருகுவேயே வென்றது. ஊர் முழுதும் காற்பந்துப் பித்து. அந்நகரின் ஒய்.எம்.சி.ஏ.வில் பணியாற்றிய உவான் கார்லோஸ் செரியானி என்னும் ஆசிரியர் அதே ஆண்டில், இருக்கும் கூடைப்பந்துத் தளத்திலேயே ஆடத்தக்க காற்பந்து ஒன்றை வகுத்தார். கூடைப்பந்திலிருந்து பக்கத்துக்கு ஐவர் என்னும் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டார். நீர்ப்பந்தாட்டத்திலிருந்து கோல் காவலருக்கான விதிகளை எடுத்தார். தளத்தின் அளவையும் கோலின் அளவையும் எறிபந்திலிருந்து பெற்றார். எல்லாம் இரவல்தான். புதிதாக ஒரு திடலோ அரங்கமோ கட்டச் சொல்லி அவர் யாரிடமும் கேட்கவில்லை. (நம் மெக்காலிஸ்டர் சாலை வழியே போய் வருகிறவர்களுக்கு ஒய்.எம்.சி.ஏ. என்னும் எழுத்துகள் பழக்கமானவையே.)

இதுபோன்றதொரு செயல் நம் பினாங்கிலேயே நடந்திருக்கிறது என்பதைப் பலர் அறியார். பிரம்புப் பந்தை வட்டமாக நின்று காலால் தட்டித் தரையில் விழாமல் காக்கும் செபாக் ராகா பழைய மலாய் ஆட்டம். 1945 வாக்கில், ஜப்பானியர் காலத்தில், பினாங்கைச் சேர்ந்த ஹமிட் மைதீனும் அவருடைய தோழர்களும் அந்த ஆட்டத்தைப் பூப்பந்துத் தளத்துக்குக் கொண்டுவந்து, நடுவே வலை கட்டி, இரு பக்கமாகப் பிரிந்து ஆடினர். 1965-இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய தீபகற்ப விளையாட்டுப் போட்டியின்போது அதற்கு மலாய்ச் சொல் ஒன்றும் தாய்லாந்துச் சொல் ஒன்றும் சேர்ந்து செபாக் தக்ரோ என்னும் பெயர் அமைந்தது. இன்றும் அதன் தளம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். பூப்பந்து இரட்டையர் தளத்தின் அதே அளவு. போர்க்காலத்தில் கையில் இருந்த தளத்தை வைத்து ஆடியவர்களின் முத்திரை அது.

பெரிய காற்பந்திலும் பினாங்கு சளைத்ததன்று. 1921-இல் தொடங்கிய மலாயாக் கிண்ணத்தை 1953, 1954, 1958 ஆகிய ஆண்டுகளில் வென்றது. 1974-இல் மலேசியக் கிண்ணத்தையும் கைப்பற்றியது. 2016 பிப்ரவரியில் நகர விளையாட்டரங்கில் ஃபைஸ் சுப்ரி அடித்த வளைபந்துக்கு ஃபிஃபாவின் புஸ்காஸ் விருது கிடைத்ததை நம் மாணவர்கள் இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள். ஆயினும் இந்தப் பெருமைக்கெல்லாம் அடித்தளம் புல்வெளி. கடலோரத்துப் பாடாங், 1928-இல் கிரீன் லேனுக்குக் குடிபெயர்ந்த பினாங்கு பிரீ பள்ளியின் பரந்த திடல் போன்றவை. நகரத்துத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றுக்கு வாய்த்ததோ ஒரு கட்டடமும் ஒரு சபைகூடல் தளமும்தான்.

பிள்ளைகள் அக்காலத்தில் தெருவில் ஆடினார்கள். பிறகு தெருவும் போயிற்று. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 பிறக்கும்போது முடிவுக்கு வந்தது. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு இருந்த குடும்பங்கள் பல ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், ரெலாவ் அடுக்குமாடிகளுக்கும் அக்கரைக்கும் சென்றன. 2008 ஜூலையில் யுனெஸ்கோ நகரை உலக மரபுடைமையாக அறிவித்தபோது, ஐந்தடி நடைபாதையில் பந்து உருட்டிய பிள்ளைகளுள் பலர் அங்கில்லை. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வாகனங்கள். பந்தாடக் கூடாது என்னும் அறிவிப்புப் பலகை.

ஃபுட்சால் இந்நாட்டில் வேரூன்றியதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். ஃபிஃபா தன் முதல் ஃபுட்சால் உலகப் போட்டியை 1989-இல் நெதர்லாந்தில் நடத்தியது. 1996-இல் ஸ்பெயினில் நடந்த போட்டியில் மலேசியாவும் பங்கெடுத்தது. முதல் ஆசிய வெற்றியாளர் போட்டி 1999-இல் கோலாலம்பூரில் நடந்தது; ஈரான் வென்றது. பின்னர் நகர்தோறும் வாடகைத் தளங்கள் முளைத்தன. பினாங்கில் அவற்றுக்கு வாடிக்கையாளர் பஞ்சமில்லை. 1972 முதல் வளர்ந்த பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை அருகிலேயே இருக்கிறது. வேலைமுறை முடித்து இரவு பத்து மணிக்கு ஆட வரும் தொழிலாளர் குழுக்களுள் எங்கள் மாணவர்களின் தந்தையரும் உண்டு.

ஆட்டம் வாடகைக்கு வந்தபோது அதன் உருவமும் சற்று மாறியது. முறையான ஃபுட்சாலில் பாதிக்கு 20 நிமிடம். பந்து வெளியே போனால் கடிகாரம் நிற்கும். மணிக்கணக்கில் வாடகை கட்டும் உள்ளூர் லீக்கில் அது எங்ஙனம் இயலும்? கடிகாரம் நிற்காமல் ஓடும், ஆட்டமும் சுருங்கும். பலகைத் தளத்துக்குப் பதிலாகச் செயற்கைப் புல்லும் வந்தது. குறைந்து எழும்பும் நான்காம் எண் பந்துக்கு வழவழப்பான தளமே ஏற்றது என்பது என் கருத்து. இதைச் சொன்னால் இளைஞர்கள் என்னைப் பழைய பஞ்சாங்கம் என்கிறார்கள், போகட்டும்.

திடலில்லாப் பிள்ளைகளுக்காக ஓர் ஆசிரியர் வகுத்த ஆட்டத்தில், பணமில்லாப் பிள்ளை ஒருவனை வெளியே நிறுத்திவிட்டேனே என்பதுதான் என்னை உறுத்தியது.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இந்த வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்தேன். பையனைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்போது புறப்பாட ஆசிரியை ஒருவர், "ஐயா, ஃபுட்சால் கோல் என்ன அளவு?" என்று கேட்டார். மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் என்றேன். "எறிபந்துக் கோலும் அதே அளவுதானே? நம் பண்டக அறையில் இரண்டு கிடக்கின்றனவே!" என்றார். செரியானி எறிபந்திலிருந்து இரவல் பெற்றதைச் சற்றுமுன் விளக்கியவன் நான். எனக்கு அது தோன்றவில்லை!

துருவைச் சுரண்டி, சாயம் பூசி, சபைகூடல் தளத்தில் நிறுத்தினோம். கோல் கவிழ்ந்து பிள்ளைகள் மேல் விழாதவாறு பின்கம்பிகளில் மணல் மூட்டைகளை வைத்துக் கட்டினோம். ஆசிரியர்கள் இதனை மறவாதீர். எங்கள் தளம் முழு அளவில் பாதிகூட இராது. எனவே பக்கத்துக்கு நால்வர். முதல் சனிக்கிழமை பக்கத்துப் பள்ளிக் குழுவை அழைத்தோம். கட்டணம் இல்லை, மதியத்துக்குப் பெற்றோர் சமைத்த நாசி லெமாக். ஆறாம் ஆண்டுக்கு வந்துவிட்ட அந்தக் கோல் காவலன் மற்றவர்களுக்கு முன்னதாகவே வந்து, மணல் மூட்டைகளை இழுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு, ஐயா" என்றான்.